புரையேறும் பிள்ளை: ஓ.பி. மேஜைக்கு முன்னால் என்ன சொல்வது?

ஏற்காட்டைத் தாண்டி ஒரு காபி எஸ்டேட் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையன் 30 வாரத்தில் பிறந்த குறைமாசப் பிள்ளை. இப்போது 2 வயது 3 மாதம், எடை 7 கிலோ 200 கிராம். கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை, மூளை முடக்குவாதம் (சி.பி.) என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு வருடத்துக்குள் மூன்று முறை நிமோனியா என்று அட்மிஷன். ஒவ்வொரு முறையும் "சத்தா குடுங்க, பொறுமையா ஊட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கடைசி முறை ஒரு டாக்டர் உணவு கொடுக்க மூக்கு வழியே டியூப் போடலாம் என்றாராம், வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. "நான் சொல்றத யாருமே காதுல வாங்கறதில்ல. எப்படிப் பேசுனா கேப்பாங்க? டியூபுக்கு ஒத்துக்கலாமா?" இதுதான் அவர் கேள்வி.

கண்ணு, பையனைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன், அதனால் இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சேலத்தில் குழந்தைகள் வார்டில் 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவள். உங்கள் பேச்சு அங்கே ஏன் எடுபடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் கேள்வியின் நடுவில், நீங்களே பெரிதாக நினைக்காமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சாப்பிட்டு முடிச்சா நெஞ்சு கொறகொறங்கும், குரல் நனைஞ்ச மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்." நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அதுதான். மூன்று அட்மிஷனிலும் இதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். "சாப்பிடவே மாட்டேங்கறான் சார்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதைக் கேட்ட டாக்டர் பசியின்மை என்று நினைத்து, டானிக் எழுதி, சத்தான ஆகாரம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்புவார். கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும்.

உங்கள் பையனுக்குப் பசி இல்லாமல் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. விழுங்குவதில்தான் சிக்கல். தொண்டையில் சோற்றுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. விழுங்கும் அந்த நொடியில் மூச்சு வழி மூடிக்கொள்ள வேண்டும். மூளையிலிருந்து வரும் கட்டளை தாமதமானால் கதவு மூடுவதற்கு முன்பே கஞ்சி வந்துவிடும், கொஞ்சம் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். நமக்கு அப்படி ஆனால் புரையேறும். இருமித் தள்ளிவிடுவோம். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவார்கள், அதோடு முடிந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகளில் பலருக்கு அந்த இருமலே வராது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். கண்ணில் நீர் கோப்பது, மூக்கு நுனி வியர்ப்பது, உதடு ஒரு கணம் வெளுப்பது, சாப்பிட்ட பின் குரல் நனைந்து போவது, மாதாமாதம் சளி, திரும்பத் திரும்ப நிமோனியா: வெளியே தெரிவது இவ்வளவுதான். புரையேறவே இல்லை என்பதை வைத்து நன்றாக விழுங்குகிறான் என்று முடிவு கட்ட முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு பிள்ளையால் தெரிந்துகொண்டேன். நான் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் ஒரு தாய் நாலாவது முறையாக அதே சளியோடு வந்து படுத்திருந்தாள். பெண் குழந்தை, ஒன்றரை வயது. "பொறுமையா ஊட்டணும்மா, அவசரப்பட்டா இப்படித்தான்" என்று அவளிடம் சொன்னது நான்தான். அவள் பதில் பேசவில்லை. அடுத்த நாள் இரவு டியூட்டியில், எல்லோரும் தூங்கிய பிறகு, அவள் பால் கொடுப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். என் பொறுமையை விட மூன்று மடங்கு பொறுமை அவளுக்கு. நாற்பது நிமிடம், ஒரு இருமல் கிடையாது, ஆனால் ஒவ்வொரு மடக்குக்கும் குழந்தையின் மூக்கு ஓரம் நீலம் பாய்ந்து போனது. காலையில் ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொன்னேன். பிறகுதான் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், பால் நுரையீரலுக்குப் போவது தெரிந்தது. நாலு அட்மிஷனில் ஒரு முறைகூட அந்தக் குழந்தை சாப்பிடுவதை எங்களில் ஒருவரும் நின்று பார்த்ததில்லை. அந்தத் தாயிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான்: பையன் சாப்பிடும் வேளையை அந்த மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் பார்ப்பது மூச்சு, எடை, எக்ஸ்ரே. மூன்று வேளையும் பார்ப்பது நீங்கள் ஒருவர்தான்.

அதற்கு உங்கள் கைபேசி போதும். பகல் வெளிச்சத்தில், பக்கவாட்டில் வைத்து, முகமும் கழுத்தும் நெஞ்சும் தெரிகிற மாதிரி ஒரு வேளை ஊட்டுவதை வீடியோ எடுங்கள். முழுவதும் வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம், களைத்துப்போன பிறகு இரண்டு நிமிடம், சாப்பிட்டு முடித்ததும் அவன் அழுகிற அல்லது சத்தம் போடுகிற ஒரு நிமிடம். அந்த நனைந்த குரல் அதில் பதிவாக வேண்டும். வீடியோவுக்காக நன்றாக ஊட்டிக் காட்டாதீர்கள், தினமும் எப்படி ஊட்டுகிறீர்களோ அப்படியே எடுங்கள்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. ஏழு நாளைக்கு மட்டும் எழுதுங்கள், ஏழு நாளுக்கு மேல் யாரும் படிக்கமாட்டார்கள். என்ன கொடுத்தீர்கள், தண்ணியாகவா கெட்டியாகவா, எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தீர்கள், எவ்வளவு உள்ளே போனது, இருமல், நிறம் மாறியது, வாந்தி, மலம். மலம் எதற்கு என்று கேட்காதீர்கள். நாலு நாள் கட்டிப்போன வயிறு இருந்தால் எந்தப் பிள்ளைக்கும் சோறு இறங்காது, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் மிகச் சாதாரணம், அதை யாரும் கேட்பதும் இல்லை. முதல் பக்கத்தில் பிறந்த வாரம், பிறந்த எடை, ஒவ்வொரு அட்மிஷனின் தேதி, அப்போதிருந்த எடை, இப்போது கொடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும். வலிப்பு மாத்திரை இருந்தால் அதை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பொடித்துக் கொடுக்கவே கூடாத மாத்திரைகள் உண்டு, அதற்குச் சிரப் உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மேஜைக்கு முன்னால் நின்றதும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: "சார், இவனுக்கு ஒரு வருஷத்துல மூணு நிமோனியா. சாப்பிட்டதும் குரல் நனைஞ்சு போவுது, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆவுது. சாப்பாடு நுரையீரலுக்குப் போவுதான்னு பாக்கணும், வீடியோ எடுத்திருக்கேன்." இருபது நொடிகூட ஆகாது. கூட்டம் வாசல் வரை நிற்கும்போது டாக்டர் தலை நிமிர்வது அழுகைக்கு அல்ல, நிமோனியா எண்ணிக்கைக்குத்தான். இது நியாயமா என்றால் நியாயமில்லை. நான் பார்த்த நடைமுறை அது.

அடுத்து, "என்ன செய்யலாம்?" என்று பொதுவாகக் கேட்காமல், "விழுங்கறதப் பரிசோதிக்க யார்கிட்ட அனுப்புவீங்க?" என்று கேளுங்கள். அனுப்ப வேண்டியது ஸ்பீச் தெரபிஸ்டிடம். பேச்சே வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியா என்று உங்கள் வீட்டில் சிரிப்பார்கள். வாய், நாக்கு, தொண்டைத் தசைகள் அவர்கள் பாடம், விழுங்குவதைச் சோதிப்பதும் சரிசெய்வதும் அவர்கள் வேலைதான். தேவைப்பட்டால் எக்ஸ்ரே படமாகவே ஓடவிட்டு, பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லிப் பார்ப்பார்கள். வீடியோ ஃப்ளூரோஸ்கோபி என்று பெயர். தண்ணி மாதிரி கொடுத்தால் உள்ளே போகிறதா, கெட்டியாகக் கொடுத்தால் போகிறதா, எந்த நிலையில் உட்கார்ந்தால் போகவில்லை என்பதெல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியும்.

எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். பிள்ளைகளைத் தேடி வந்து பரிசோதிக்க 2013இல் ஆரம்பித்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் வருவது அது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, குழந்தை டாக்டர், இயன்முறை, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் அந்த மையத்தின் நோக்கம். அந்தத் திட்டத்தின் வண்டி அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை வர வேண்டும். உங்கள் மேல்மலை அங்கன்வாடிக்கு வந்தபோது பையனைக் காட்டாமல் விட்டிருந்தால் அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி வையுங்கள். அந்த டீமே சீட்டு எழுதிக் கொடுத்தால் கீழே வந்து வரிசையில் விளக்கம் சொல்லும் வேலை மிச்சம்.

"சி.பி. பிள்ளைங்க ஒல்லியாத்தான்மா இருக்கும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 2 வயது ஆண் பிள்ளையின் நடு எடை 12 கிலோவை ஒட்டி. கடுமையான எடைக்குறைவைக் காட்டும் கடைசிக் கோடே 8 கிலோ 600. இவன் அதற்கும் கீழே. மூளை முடக்குவாதத்தால் தசை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், அது வேறு. பட்டினியால் மெலிவது வேறு. மேல் கைச் சுற்றளவை அளக்கச் சொல்லுங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் அது கடுமையான சத்துக்குறைவு, தனியாக சிகிச்சை செய்ய வேண்டியது. அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத்தில் வந்த எண்ணை அடுத்த டாக்டர் தாண்டிப் போக முடியாது.

சரி, அந்த நாள் வரும்வரை வீட்டில் என்ன? இங்கேதான் உங்கள் மாமியாரின் சங்கு வருகிறது. காலை நீட்டி, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, கன்னத்தை அழுத்திப் பிடித்துச் சங்கில் ஊற்றுவது. "ஊத்துனாத்தான் உள்ள போவுது" என்பார்கள். உள்ளே போகிறது, சரிதான், எந்தக் குழாயில் போகிறது என்பதுதான் கேள்வி. படுத்த நிலையில் அழும் பிள்ளைக்கு மூச்சு வழி திறந்தே இருக்கும். இன்றோடு அதை நிறுத்துங்கள். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பதும் வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முதலில் நிறுத்துங்கள். எண்ணெய் தொண்டையை எரிக்காது, அதனால் இருமலைக் கிளப்பாது, நேராக நுரையீரலில் போய்ப் படிந்துவிடும். அதனால் வரும் நிமோனியா ஆன்டிபயாட்டிக்கில் அடங்காது. மூன்று நிமோனியாவில் ஒன்றாவது இதனால் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். டாக்டரிடம் எண்ணெய் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும்.

உட்கார வைத்து ஊட்டுங்கள். நாற்காலி வாங்க வேண்டாம். சுவரும் சுவரும் சேரும் மூலையில், முதுகும் தோளும் இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, பழைய சேலையைச் சுருட்டி இடுப்புக்குப் பக்கத்திலும் முட்டிக்குக் கீழேயும் வையுங்கள். இடுப்பு மடங்கியிருக்க வேண்டும், தலை நடுவில், தாடை லேசாகக் கீழ் நோக்கி. நாம் சொம்பை அண்ணாந்து குடிக்கிற ஜனங்கள், பிள்ளைக்கும் கையில் தலையைச் சாய்த்து அண்ணாக்க வைத்தே ஊட்டுவோம். இவனுக்கு அது ஆகாது. நீங்கள் அவன் முகத்துக்கு நேராக, அவன் கண் உயரத்தில் தரையில் உட்காருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து ஊட்டினால் அவன் அண்ணாந்துதான் பார்ப்பான். தட்டையான சின்ன ஸ்பூன், பாதி அளவு, விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகு அடுத்தது. அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அதற்குப் பிறகு உள்ளே போகும் சத்தை விட, களைப்பில் அவன் செலவழிக்கும் சத்து அதிகம், புரையேறும் ஆபத்தும் அப்போதுதான் கூடும். ஒரு மணி நேரம் மூன்று வேளை என்பதை அரை மணி நேரம் ஐந்து ஆறு வேளையாக மாற்றுங்கள். முடித்த பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஒரு தடவை ஊட்டும்போதே நிறம் மாறினாலோ மூச்சு வாங்கினாலோ அந்த வேளையை அங்கேயே விட்டுவிடுங்கள். பட்டினியாகக் கிடப்பானே என்று மிச்சத்தையும் தள்ள வேண்டாம்.

என்ன கொடுப்பது என்பதில் சேலத்துக்காரர்களிடம் எனக்கு ஒரு பழைய சண்டை உண்டு. மரவள்ளியும் சேகோ ஆலையும் நம் ஊர்ப் பெருமை. அதனால் நோஞ்சான் பிள்ளை என்றாலே இங்கே கை தானாக ஜவ்வரிசிக் கஞ்சிக்குப் போகும். வழுவழுவென்று இறங்கும், வயிறு நிறையும். ஆனால் அது வெறும் மாவுச்சத்து. 100 கிராம் ஜவ்வரிசியில் சுமார் 350 கலோரி இருக்கும், புரதம் ஒரு கிராம்கூட இல்லை. நீங்கள் எழுதியிருப்பது போல் காலையும் மாலையும் ஜவ்வரிசி என்றால், அந்த இரண்டு வேளையில் தசை வளர்வதற்கு ஒன்றுமே போகவில்லை. எடை ஏறாததில் பாதிக் காரணம் விழுங்கல், மீதிப் பாதி கிண்ணத்துக்குள்ளேயே இருக்கலாம்.

உங்கள் மலையிலேயே கேழ்வரகு இருக்கிறது. அதை முளைகட்டி, காய வைத்து, லேசாக வறுத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால் ஒரு விசேஷம்: சாதாரண மாவு கெட்டியாகிப் போகும் அதே அளவை இது இளகலாகவே வைத்திருக்கும். முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் அப்படி. கொஞ்ச அளவில் நிறையச் சத்தைப் போட இது வசதி. அங்கன்வாடி சத்துமாவு, வேகவைத்த பாசிப்பருப்பு மசியல், முட்டை மஞ்சள் கரு, இவற்றோடு ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 40 கலோரிக்கு மேல் இருக்கிறது. இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கே தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இளகலான கஞ்சி எல்லாப் பிள்ளைக்கும் நல்லதல்ல. தண்ணி மாதிரி இருப்பதுதான் பல பேருக்கு வேகமாக ஓடி மூச்சு வழியில் இறங்குகிறது, சற்றுக் கெட்டியான கூழ் நிதானமாகப் போகிறது. உங்கள் பையன் எந்த வகை என்பதைத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும். கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடியை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். மிக்சர், பொரி, வேர்க்கடலை, சேலத்துத் தட்டுவடை, இவை எதுவும் ஆசைக்குக்கூட வாயில் போகக் கூடாது.

இனி டியூப். உங்கள் வீட்டில் பயப்படுவது எனக்குப் புரிகிறது. நம் ஊரில் மூக்கில் குழாய் என்றால் சாகக் கிடக்கிறவர் என்று அர்த்தம். இவனுக்கு அப்படி இல்லை. இவனைப் போன்ற பிள்ளைக்கு அது ஊன்றுகோல் மாதிரி. மூன்று வேளையும் போர்க்களமாக இருக்கும் சாப்பாட்டை நிறுத்தி, உடம்பு தேற வழிசெய்வது. டியூப் போட்டால் வாயால் சாப்பிடுவது போய்விடும் என்பார்கள். தெரபிஸ்ட் பாதுகாப்பு என்று சொல்லும் அளவு ருசியை வாயில் கொடுத்துக்கொண்டே இருக்கலாம், கொடுக்கவும் வேண்டும். எடை ஏறித் தெம்பு வந்த பிறகு வாய்ச் சாப்பாடு கூடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கூடாத பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்களும் மாதாமாதம் ஆக்சிஜனில் படுக்கவில்லை.

மூக்கு வழிக் குழாய் தற்காலிகம். சில வாரங்களுக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றிலேயே சின்னத் துளை போட்டு வைக்கும் குழாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கேஸ்ட்ராஸ்டமி என்பார்கள். சம்மதிக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை: எத்தனை நாளைக்கு, எந்த நிலை வந்தால் எடுப்பீர்கள், எதுக்களிப்பு அதிகமாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா, குழாய் கழன்றால் மலை மேல் இருக்கும் நான் என்ன செய்ய வேண்டும். கடைசிக் கேள்விதான் உங்களுக்கு உயிர்நாடி. வயிற்றுக் குழாய் கழன்று விழுந்தால் அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்க ஆரம்பித்துவிடும், நாளைக் காலை பஸ்ஸில் போகலாம் என்று இருக்க முடியாது. மாற்றுக் குழாய் ஒன்று வீட்டில் இருக்க வேண்டுமா என்று கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், வார்டிலேயே நீங்களும் வீட்டுக்காரரும் நர்ஸ் கண்முன்னால் ஆளுக்கு நாலைந்து முறை செய்து காட்டிவிட்டுத்தான் டிஸ்சார்ஜ் வாங்க வேண்டும். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றை அடித்து வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பது பழைய முறை. என் சர்வீஸில் பெரும்பாலும் நானும் அதைத்தான் செய்தேன். அது நம்பகமானதல்ல, நுரையீரலில் இருந்தாலும் சத்தம் வரும். சிரிஞ்சில் கொஞ்சம் உறிஞ்சி, அமிலம் காட்டும் பி.ஹெச். தாளில் விட்டுப் பார்ப்பதுதான் சரி, 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு எண் மாறி வரலாம், அதையும் கேட்டு வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டும் விடக் கூடாது. விடும்போது அமுக்கித் தள்ளாமல், சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துத் தானாக இறங்கவிட வேண்டும், முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வீட்டுக் கஞ்சியை விடலாமா என்பதை டயட்டீஷியனிடம் கேளுங்கள். வடிகட்டாத கஞ்சி ஒரே நாளில் குழாயை அடைத்துவிடும்.

ஒத்துக்கொள்ளலாமா என்றால், பரிசோதனையில் உணவு நுரையீரலுக்குப் போவது தெரிந்து, எடையும் இப்படியே நின்றால், நான் ஒத்துக்கொள்வேன். என் பேரனாக இருந்தாலும். ஆனால் பரிசோதனை செய்யாமலேயே வார்டில் அவசரத்தில் கையெழுத்துக் கேட்டால், "மொதல்ல விழுங்கறதப் பாத்துடுங்க, அப்புறம் போடறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மூச்சுத் திணறிக் கிடக்கும்போது மட்டும் அப்படி வாதாட வேண்டாம். அப்போது வாய்வழியை நிறுத்திக் குழாய் போடுவதுதான் சரி.

பழைய அட்மிஷன் கேஸ் ஷீட், எக்ஸ்ரே எல்லாம் கேட்டு வாங்குங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான 2002ஆம் வருட விதியிலேயே இருக்கிறது. சண்டை போடாமல், மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் டாக்டருக்கு, ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்பச் சளி கட்டியிருந்தால், நீங்கள் வாய் திறக்கும் முன்பே புரிந்துவிடும்.

பணத்துக்கான தாள்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், நாடு முழுக்கச் செல்லும் யு.டி.ஐ.டி. அட்டையும் எடுத்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதைக் கேட்கும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீடு இருக்கிறது, 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் ஓ.பி. செலவுக்கும் சேர்த்து. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசின் மாத உதவித்தொகை 2,000 ரூபாய், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு. மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் உங்கள் பக்கம் வரும்போது இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே கிடைக்குமா என்று கேளுங்கள்.

மலை இறங்கும் நாளைப் பற்றி. 20 கொண்டை ஊசி வளைவு, எதுக்களிக்கும் பிள்ளை. ஊட்டிய கையோடு பஸ் ஏறினால் நாலாவது வளைவில் வாந்தி, அந்த வாந்தியே நுரையீரலுக்குப் போகும். கடைசியாக ஊட்டி ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள், மடியில் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, முன் சீட்டில் உட்காருங்கள். அவசரம் என்றால் 108தான், சொந்த வண்டி தேட வேண்டாம், ஆக்சிஜன் அதில் இருக்கும். அவசரம் எது என்றால்: அவன் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ணி மூச்சு 40ஐத் தாண்டுவது, விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம், எழுப்பினால் எழாத தூக்கம். ஓட்டுநரிடமும் கேஷுவாலிட்டியிலும் காட்ட, நோட்டின் முதல் பக்கத்தையே ஒரு நகல் எடுத்து பையில் வையுங்கள். அதில் பெரிய எழுத்தில் "படுக்க வைத்து வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்" என்று ஒரு வரி. இரவு டியூட்டியில் புதிதாக வந்த ஒருவர் நல்லெண்ணத்தில் பாராசிட்டமால் சிரப்பை ஊற்றிவிடக் கூடாது.

டி.இ.ஐ.சி.க்குப் போகும்போது உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தெரபிஸ்ட் உட்கார வைத்து ஊட்டிக் காட்டும்போது பையன் உங்கள் மடியில் வேண்டாம், அவர் மடியில் இருக்கட்டும். நீங்கள் நூறு முறை "அத்தை, படுக்க வெச்சு ஊத்தாதீங்க" என்று சொன்னால் அது மருமகள் பேச்சு. அந்த அறையில் அவர் கையைப் பிடித்துத் தாடையை எங்கே தாங்க வேண்டும் என்று காட்டினால், வீட்டுக்கு வந்த பிறகு உங்களுக்கே அவர் சொல்லிக்கொடுப்பார். சங்கை மட்டும் பரணில் போட்டுவிடுங்கள். நோட்டில் நேரம் குறிக்கும் வேலை அவருடையது. எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து உரக்கச் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.